எருக்கு முளைத்த படம்

ஒரு படத்துக்கு ஒரு ட்யூப் பச்சை முழுசாகக் காலியாகும்போதே எங்கேயோ தப்பு நடக்கிறது என்று எனக்கு உறைத்திருக்க வேண்டும். சாப் கிரீன், அக்ரிலிக், 120 மில்லி. ட்யூபின் வாலைக் கத்தரித்து, உள்ளே ஒட்டியிருந்ததையும் தூரிகைக் காம்பால் வழித்துப் பூசி முடித்தேன்.

படம் இதுதான். கோலார் தங்கவயல், இன்னும் நூறு வருஷம் கழித்து. நடுவில் சுரங்கத்தின் இரும்புக் கோபுரம், உச்சியில் இரண்டு பெரிய சக்கரம். கோபுரத்தைக் கால் முதல் தலைவரை கொடி சுற்றியிருக்கிறது. சக்கரத்தின் ஆரங்களுக்கு இடையே ஆலம் விழுது இறங்குகிறது. கீழே இன்ஜின் ரூம். கூரை போய், உள்ளேயிருந்து ஒரு அரசமரம் எட்டிப் பார்க்கிறது. முன்னால் குளம், குளத்தில் அல்லி, அல்லிக்குப் பக்கத்தில் ஒற்றைக்காலில் நாரை. பின்னால் சயனைடு மேடுகள், அதாவது தங்கம் எடுத்தபின் கொட்டிய பாறைத்தூள் குன்றுகள், ஊட்டி மலை மாதிரி பச்சைப் பசேலென்று. மனுஷ வாடையே கிடையாது. முடித்த அன்று ராத்திரி நாலைந்து தடவை எழுந்துவந்து விளக்கைப் போட்டுப் பார்த்தேன். அவ்வளவு பெருமை.

எங்கள் தாத்தா வட ஆற்காட்டுப் பக்கத்திலிருந்து சுரங்க வேலைக்குப் போனவர். அப்பா படித்து பெங்களூர் வந்துவிட்டார். சித்தப்பா அங்கேயே தங்கினார். சுரங்கத்தின் வைண்டிங் இன்ஜினில் ஃபிட்டர். ஆட்களையும் பாறையையும் ஏற்றி இறக்கும் கேஜுக்கு ரோப்பு இழுக்கிற இயந்திரம் அது. 2001 பிப்ரவரி 28 அன்று சுரங்கம் மூடும்வரை அந்த இன்ஜினைத் துடைத்துக்கொண்டும் கிரீஸ் போட்டுக்கொண்டும் இருந்தவர். அதனால் என் படத்தை யாராவது சரியாகப் பார்க்க முடியும் என்றால் அது அவர்தான். ஆனால் அவருக்குக் காட்டும் தைரியம் எனக்கு வரவில்லை.

அவராகவே பார்த்தார். கண் ஆபரேஷனுக்கு பெங்களூர் வந்தவர் எங்கள் வீட்டில் பத்து நாள் இருந்தார். கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு, "கண்ணைக் கசக்காதீங்க" என்று யாராவது சொன்னால் "கசக்கலம்மா, சும்மா தொட்டேன்" என்று சொல்லிக்கொண்டு திரிந்தார். மூன்றாம் நாள் காலை, காபி டம்ளரோடு படத்துக்கு முன்னால் நிற்கிறார்.

"இன்னாம்மா இது, நம்ம ஊரா?"

"ஆமா சித்தப்பா. நூறு வருஷம் கழிச்சு."

மூக்கு கேன்வாஸில் இடிக்கும் அளவுக்குக் குனிந்தார். மரத்தையோ நாரையையோ பார்க்கவில்லை. சக்கரத்தைத்தான் பார்த்தார். ரொம்ப நேரம்.

"நூறு வருஷம் கழிச்சு இந்த வீல உனக்கு எவன் வுட்டு வெச்சிருப்பான்?"

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, மூடின கம்பெனி எதுவானாலும் அதிலிருந்து என்னென்ன எந்த வரிசையில் போகும் என்று சொல்ல ஆரம்பித்தார். முதலில் செம்பு. கேபிளை உருவி, தோலைக் கொளுத்தி, கம்பியை மட்டும் எடுத்துக்கொள்வார்கள். அடுத்தது பித்தளை: வால்வு, புஷ், திருகு, பெயர்ப்பலகை. அப்புறம் மோட்டார். அப்புறம் தண்டவாளம். அதற்கப்புறம் கூரைத் தகடு, ஜன்னல் சட்டம், கதவு, கதவின் கீல். கடைசியில் செங்கல். "செங்கல்லு போனப்புறம் தரைதான் மிச்சம். அதையும் பிளாட்டு போட்டுடுவான். நீ மரம் வளர்ற வரைக்கும் எவன்மா காத்துனு இருப்பான்?"

காயலான் கடை என்ற ஒன்று இந்த நாட்டில் இருக்கிறது என்பதையே என் படம் மறந்துவிட்டது. வருஷக்கணக்காகப் பழைய பேப்பரையும் பிளாஸ்டிக் குடத்தையும் எடை போட்டு விற்றவள் நான். இருநூறு கிராம் குறைந்தால் தராசுக்காரரோடு சண்டை போட்டிருக்கிறேன். அப்படிப்பட்டவள் அத்தனை டன் இரும்பை நூறு வருஷத்துக்குச் சும்மா நிற்க வைத்துப் படம் போட்டிருக்கிறேன்.

எங்கிருந்து வந்தது இந்தப் படம்? யோசித்தால் விடை எளிது. செர்னோபில் விபத்துக்குப் பிறகு காலியான பிரிப்யாத் நகரத்தின் புகைப்படங்கள். டெட்ராய்ட்டின் பக்கார்டு கார்த் தொழிற்சாலைப் படங்கள். உடைந்த கண்ணாடி, பாசி படிந்த தரை, ஜன்னல் வழியே நுழையும் மரம். இணையத்தில் ஆயிரக்கணக்கில் கிடைக்கும். பிரிப்யாத்தில் காடு வளர்ந்ததற்குக் காரணம் 1986இல் கதிர்வீச்சு மனிதர்களை வெளியேற்றியது. பக்கார்டு ஆலை ஐம்பதுகளிலேயே கார் செய்வதை நிறுத்தி, பல பத்தாண்டு இடிந்தும் இடியாமலும் நின்றது. அங்கேயும் இரும்பு பொறுக்குகிறவர்கள் உள்ளே புகுந்து கிடைத்ததைக் கொண்டுபோனார்கள். படமெடுத்தவர்கள் வருவதற்கு முன்பே. நான் அந்தப் புகைப்படங்களின் பச்சையை எடுத்து எங்கள் ஊர் இரும்பின் மேல் ஊற்றியிருக்கிறேன், அவ்வளவுதான்.

வருங்காலத்தைப் பாழாக வரைவது புது வழக்கம் ஒன்றும் இல்லை. பிரெஞ்சு ஓவியர் ஹ்யூபர்ட் ராபர்ட், பாரிஸின் லூவர் மாளிகையில் இருக்கும் நீண்ட ஓவியக் கூடத்தை, அது நல்லபடியாக நின்றுகொண்டிருக்கும்போதே, கூரை இடிந்து வானம் தெரிய வரைந்தார். 1796இல் காட்சிக்கு வைத்தார். வேடிக்கை என்னவென்றால், அதே கூடத்தை எப்படிச் சீர்படுத்தலாம், மேலிருந்து வெளிச்சம் எப்படி விடலாம் என்று இன்னொரு படமும் போட்டுக் கூடவே வைத்தார். அந்த அருங்காட்சியகப் பொறுப்பில் இருந்தவர்களில் அவரும் ஒருவர். கட்டுகிற கையாலேயே இடிக்கவும் செய்திருக்கிறார். இடிந்த கூடத்தின் நடுவில், தப்பிப் பிழைத்த அப்பல்லோ சிலையைப் பார்த்து ஒருவன் உட்கார்ந்து வரைந்துகொண்டிருக்கிறான். நான் அதைக் கவனித்தது சித்தப்பா பேசிப் போன பிறகுதான். அவருடைய பாழில் ஆள் இருக்கிறான்.

அடுத்தது லண்டன். ஜான் சோன் என்ற கட்டிடக்கலைஞர் நாற்பத்தைந்து வருஷம் பாங்க் ஆஃப் இங்கிலாந்துக் கட்டிடத்தைக் கட்டியும் விரித்தும் வந்தார். அவருக்குப் படம் போட்டுக் கொடுத்தவர் ஜோசப் கேண்டி. 1830இல் கேண்டி வரைந்த ஒரு படத்தில் அந்த வங்கி முழுவதும் மேலேயிருந்து தெரிகிறது. பாதிக் கூரை இல்லை, சுவர்கள் அறுபட்டு நிற்கின்றன, ரோமாபுரிப் பாழ் மாதிரி. இடிந்ததா, இன்னும் கட்டி முடியவில்லையா என்று சொல்ல முடியாத படம். சோனுக்கு அதில் சந்தோஷம்தான். தன் கட்டிடம் பாழானாலும் ரோமாபுரி மாதிரி கம்பீரமாகப் பாழாகும் என்ற நினைப்பு.

நடந்தது என்ன தெரியுமா? இருபதாம் நூற்றாண்டின் இருபதுகளிலும் முப்பதுகளிலும், இடம் போதவில்லை என்று, வெளிச்சுவரை மட்டும் பெரும்பாலும் விட்டுவிட்டு உள்ளே இருந்த சோனின் அறைகளைத் தட்டிவிட்டு, அதைவிடப் பெரிய வங்கியை அதே இடத்தில் எழுப்பினார்கள். கொடி படரவில்லை, ஆந்தை அலறவில்லை. கேண்டியின் படத்தைப் பார்த்திருந்தால் சித்தப்பா கேட்டிருக்கக்கூடிய கேள்வியைத்தான் லண்டன் நிஜமாகவே கேட்டது. நல்ல இடத்தில் இருக்கும் நிலத்தை எவன் சும்மா விடுவான்?

சரி, அது வெள்ளைக்காரன் கதை. நம்மிடம் இந்தப் படம் இல்லையா என்றால், இருக்கிறது. ஆனால் வேறு மாதிரி. "உன் வீட்டுல எருக்கு முளைக்க" என்று எங்கள் ஆயா சண்டையில் சொல்வாள். அதைவிடப் பெரிய வசவு அவளிடம் கிடையாது. கையை நீட்டி அதைச் சொல்லிவிட்டால், எதிராளி அழுதுகொண்டே உள்ளே போய்விடுவாள். கொஞ்சம் யோசித்தால் அது ஒரு ஓவியம்தான். ஆள் புழங்காத முற்றம், விளக்கேற்றாத நடை, சாணி தெளிக்காத வாசல், அங்கே சாம்பல் பூத்த இலையும் ஊதாப் பூவுமாக ஒரு எருக்கஞ்செடி. 'இயற்கை மீட்டெடுத்தது' என்று இன்றைக்கு அழகாகச் சொல்வதை ஆயா சாபமாகச் சொல்லியிருக்கிறாள்.

சங்கப் பாட்டிலும் இப்படித்தான். பகைவன் கோட்டையைப் பிடித்த அரசன், தேர் ஓடிய தெருக்களில் கழுதையைப் பூட்டி உழுது பாழாக்கினான் என்று புறநானூற்றின் 15ஆம் பாட்டு பாண்டியன் முதுகுடுமியைப் புகழ்கிறது. மாடு இல்லை, கழுதை. அவமானம் அந்தக் கழுதையில் இருக்கிறது. ஊரைப் பாழாக்குவது இங்கே ஜெயித்தவன் தோற்றவனுக்குச் செய்யும் காரியம். தானாக நடப்பதில்லை, யாரோ செய்கிறார்கள். இந்த ஒரு விஷயம் பிரிப்யாத் புகைப்படங்களில் தெரியாது. அங்கே மரம் தானாக வந்த மாதிரி இருக்கிறது. பார்க்கிறவருக்கு நிம்மதியாகவும் இருக்கிறது.

படத்தைக் கழற்றி, சுவர் பக்கம் முகம் திருப்பி வைத்தேன். சித்தப்பாவின் கண் ஆறியதும் அவரோடு ஊருக்குப் போனேன்.

மாரிக்குப்பம் ரயில் நிலையத்தில் இறங்கும்போது எதிர்த் திசையில்தான் கூட்டம் எப்போதும். விடியலில் ஆயிரக்கணக்கான பேர் பெங்களூர் வேலைக்குக் கிளம்பி, ராத்திரி திரும்புகிற ஊர் இது. ஒரு காலத்தில் வேலைக்கு ஆள் தேடிய ஊர். 1880இல் ஆங்கிலேயச் சுரங்க நிறுவனமான ஜான் டெய்லர் கம்பெனி இங்கே வந்தது. 1902இல் காவிரியின் சிவனசமுத்திரம் அருவியிலிருந்து ஏறத்தாழ 147 கிலோமீட்டர் கம்பி இழுத்து மின்சாரம் கொண்டுவந்தார்கள். பெங்களூருக்கே அப்போது கரண்ட் கிடையாது. 120 வருஷத்தில் 800 டன்னுக்கு மேல் தங்கம் எடுத்தார்கள். கடைசியில் ஒரு டன் பாறையை உடைத்து அரைத்தால் மூன்று, நான்கு கிராம் தேறுவதே பெரிய பாடு என்று ஆனது. மூடிவிட்டார்கள்.

முதலில் சயனைடு மேட்டுக்குப் போனோம். அதை மேடு என்று சொல்வது பணிவுதான். பக்கத்தில் நின்றால் மலை. வெளியூர்க்காரர்கள் பெயரைக் கேட்டுப் பயப்படுவார்கள். விஷயம் இதுதான்: பாறையை மாவாக அரைத்து, சயனைடுக் கரைசலில் ஊறவைத்தால் தங்கம் கரைந்து வந்துவிடும். தங்கம் போன மாவைக் குழாயில் தள்ளி வெளியே கொட்டினார்கள். ஒரு நூற்றாண்டுக்கு மேல் கொட்டினார்கள். அதுதான் மலை. சயனைடு வெயிலிலும் காற்றிலும் காலப்போக்கில் சிதைந்துவிடும். ஆனால் பாறையில் இருந்த கந்தகமும் கன உலோகங்களும் எங்கேயும் போகாது.

என் படத்தில் ஊட்டிப் பச்சை பூசியிருந்தேனே, அது எவ்வளவு அபத்தம் என்று அங்கே நின்ற முதல் நிமிஷத்திலேயே தெரிந்தது. நிறத்தைச் சொல்கிறேன்: ஆறிய சாம்பலில் கொஞ்சம் சந்தனம் குழைத்த மாதிரி. வெயில் சாயும்போது அதற்குள் ஒரு இளஞ்சிவப்பு வருகிறது. மழைநீர் ஓடி ஓடிச் சரிவு முழுக்க வரிவரியாக வெட்டுப்பட்டிருக்கிறது, கிழவியின் கழுத்து மாதிரி. ஒரு பிடி எடுத்து விரலிடையில் தேய்த்தேன். பவுடர். மண்ணின் பிசுபிசுப்பு இல்லை, வேர் நாறவில்லை, மக்கிய இலையின் வாசனை இல்லை. தண்ணீர் விட்டால் சேறாகிறது, காய்ந்தால் மறுபடி பவுடர். இதில் எது முளைக்கும்?

சரிவில் எதுவுமே இல்லை. அடிவாரத்தில் மட்டும், மேட்டின் தூளும் பழைய மண்ணும் கலக்கும் இடத்தில், ஒரு வரிசையாகச் செடிகள். சீமைக்கருவேலம் முதலில். எப்போதும் அதுதான் முதலில். அதன் முள்ளுக்குள் பாதுகாப்பாக ஆவாரை. தண்ணீர் தேங்கிக் காய்ந்த பள்ளத்தில் ஒரு கோரைப்புல் கூட்டம். கொஞ்சம் தள்ளி, நான் எதிர்பார்த்துக்கொண்டே இருந்தது: எருக்கு. இடுப்பளவு உயரம், இலையின் அடிப்பக்கம் மாவு பூசின மாதிரி வெளுப்பு, ஒரு காய் வெடித்துப் பஞ்சு கிளம்பிக்கொண்டிருந்தது. ஒவ்வொரு பஞ்சின் நுனியிலும் தட்டையாக ஒரு பழுப்பு விதை. காற்றில் அது மேட்டுச் சரிவில் போய் ஒட்டுகிறது. ஒட்டி, நழுவி, கீழே வருகிறது. மறுபடி எழும்புகிறது. பத்து நிமிஷம் ஒரே விதையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சித்தப்பா பீடி பற்றவைத்துக்கொண்டு, "அது ஏறாது. நானும் பார்த்துக்கினுதான் இருக்கேன், இத்தினி வருசமா" என்றார்.

ஆடிக் காற்று சமயத்தில் இந்தத் தூள் ஊருக்குள் பறந்து வரும். சோற்றுப் பானையை மூடிவைத்துவிட்டுத்தான் சாப்பிட உட்காருவார்கள். சின்ன வயசில் லீவுக்கு வந்தபோது படுக்கையில் பல்லுக்கிடையே நறநறவென்று இருந்தது இப்போதும் நினைவிருக்கிறது. தாத்தாவுக்கு நெஞ்சில் அதே பாறைத்தூள். சுரங்கத்தில் துளை போட்ட நிறைய பேருக்கு வந்த சிலிக்கோசிஸ்தான். அவர் இருமும்போது ஆயா கதவைச் சாத்துவாள், பிள்ளைகளுக்குக் கேட்காமல் இருக்க.

இந்த மேடுகளாவது நூறு வருஷம் சும்மா இருக்குமா என்றால் அதுவும் இல்லை. 2024 ஜூனில் 13 மேடுகளைத் தோண்டி மிச்சத் தங்கத்தைப் பிரித்தெடுக்கும் மத்திய அரசின் யோசனைக்குக் கர்நாடக அமைச்சரவை சம்மதித்தது. அன்றைக்கு இருந்த முறையில் பிடிபடாமல் தூளோடு போன தங்கம் இன்றைய விலைக்குக் கட்டுப்படியாகும் என்பது கணக்கு. உதவாது என்று கொட்டியதற்கும் ஒருநாள் விலை வருகிறது. ஊரில் சிலருக்கு வேலை கிடைக்கும் என்று நம்பிக்கை. சித்தப்பாவிடம் கேட்டேன். "மேட்ட எடுத்துட்டா காத்து நல்லா வரும்" என்றார். கிண்டலா நிஜமா என்று தெரியவில்லை.

ஜெர்மனியில் டூயிஸ்பர்க் என்ற ஊரில் ஒரு இரும்பாலை 1985இல் மூடியது. இடிக்கவில்லை. பீட்டர் லாட்ஸ் என்ற நிலவடிவமைப்பாளர் ஊது உலைகளை அப்படியே நிற்கவிட்டு, சுற்றிலும் தானாக வந்த செடிகளையும் விட்டு, அதைப் பூங்காவாக்கினார். வாயு சேமித்த பெரிய தொட்டியில் தண்ணீர் நிரப்பி ஆட்கள் மூழ்கிப் பழகுகிறார்கள். படங்களில் பார்த்து நான் வாயைப் பிளந்த இடம் அது. இப்போது பார்க்கும்போது, பாழை வைத்துக்கொள்வதற்கும் ஒரு வசதி வேண்டும் என்றுதான் தோன்றுகிறது. காவலுக்கு ஆள், துருவுக்குப் பூச்சு, கம்பி வேலி. பாழாகவே நிற்கட்டும் என்று ஒரு இரும்புக் கோபுரத்துக்கு மாதச் சம்பளம் கொடுக்க எங்கள் பக்கம் யார் ஒப்புக்கொள்வார்கள்? கொஞ்சம் பொறாமைதான், மறைப்பானேன்.

மறுநாள் லைன் பக்கம் நடந்தோம். தொழிலாளர் வீடுகளுக்கு லைன் என்றுதான் பெயர். ஒரு இடிந்த சுவரில், சித்தப்பாவின் தோள் உயரத்தில், அரசங்கன்று ஒன்று இரண்டு செங்கலுக்கு நடுவிலிருந்து கிளம்பியிருந்தது. ஆறு இலை. குருவி பழத்தைத் தின்று போட்ட எச்சம் சுண்ணாம்பு இடுக்கில் விழுந்திருக்கும். வேர் சுவரின் வெளிப்பக்கமாகவே சப்பட்டையாக, உருகிய மெழுகு மாதிரி, நாலடி இறங்கி மண்ணைத் தொட்டிருந்தது. மேலே ஆறு இலைதான், கீழே நாலடி வேர். என் படத்தில் நான் மேலே மட்டும்தான் வரைந்திருந்தேன்.

அரசங்கன்றை யாரும் பிடுங்குவதில்லை. சாமி மரம். அதே சுவரில் வேறு எது முளைத்திருந்தாலும் எதிர்வீட்டு அம்மா கிள்ளிப் போட்டிருப்பார். அவர் அந்த வேருக்கு மஞ்சள் தடவிப் பொட்டு வைத்திருந்தார். ஆக இந்த ஊரில் எந்த மரம் சுவரைப் பிளக்கலாம் என்பதைக்கூட மனுஷர்தான் முடிவு செய்கிறார்கள். இதை எந்தப் பச்சையில் கலக்கி வரைவது?

அன்று ராத்திரி சாப்பிடும்போது சித்தப்பாவிடம் கேட்டேன். "அப்போ நூறு வருஷம் கழிச்சு இங்க எதுதான் சித்தப்பா அப்படியே இருக்கும்? யாரும் தொடாம?"

ரசத்தைக் குடித்துவிட்டு யோசித்தார். "கீழதான்."

"கீழயா?"

"பம்ப நிறுத்தினானே. அன்னையிலேர்ந்து ஊறிக்கினு இருக்குது. அத எந்தக் காயலான் கடக்காரன் எடுப்பான்?"

எனக்குச் சோறு இறங்கவில்லை. நாள் முழுக்க செடியைத் தேடி அலைந்திருக்கிறேன். இயற்கை இங்கே மேலேயிருந்து விதையாக வரவில்லை. கீழேயிருந்து தண்ணீராக வந்திருக்கிறது. சாம்பியன் ரீஃப் சுரங்கம் 3,200 மீட்டர் ஆழம். ஒரே நேர்க்குழியும் இல்லை. ஒரு ஷாஃப்டில் இறங்கி, நடந்து, இன்னொன்றில் இறங்க வேண்டும். அடியில் பாறையின் சூடு அறுபது டிகிரிக்கு மேல். குளிரூட்டிய காற்றை மேலேயிருந்து அனுப்பித்தான் ஆட்கள் வேலை செய்தார்கள். சுரங்கப்பாதைகளை நீட்டி வைத்தால் ஆயிரம் கிலோமீட்டரைத் தாண்டும். வானத்திலிருந்து வருகிற மற்றத் துகள்கள் அநேகமாக ஊடுருவ முடியாத ஆழம் என்பதால்தான் விஞ்ஞானிகள் அங்கே கருவி வைத்து, 1965இல் காற்றுமண்டலத்தில் பிறந்து பாறையையும் துளைத்துப் போகும் நியூட்ரினோ என்ற நுண்துகளின் தடயத்தைப் பிடித்தார்கள். பம்ப் நின்றதும் அந்த ஆழமெல்லாம் மெல்ல மெல்ல நிரம்பத் தொடங்கிவிட்டது. யாரும் பார்க்காமல், ஒரு சத்தமும் இல்லாமல்.

பெங்களூர் திரும்பியதும் சுருள் காகிதம் வாங்கினேன். 40 சென்டிமீட்டர் அகலம். நீளத்தில் தரைக்குக் கீழே மட்டும் 160 சென்டிமீட்டர் விட்டேன். ஒரு சென்டிமீட்டருக்கு 20 மீட்டர் என்று அளவு வைத்தால் சுரங்கம் கீழ்முனையைத் தொடுகிறது. கேண்டி வங்கியை அறுத்துக் காட்டிய மாதிரி பூமியை அறுத்துக் காட்டலாம் என்று எண்ணம். அளவுக் கணக்கு போட்டதும்தான் வேடிக்கை. போன படத்தில் கேன்வாஸ் முழுக்க நின்ற அந்தக் கோபுரம், நூறடி உயரம் என்று வைத்துக்கொண்டாலும், இதில் ஒன்றரை சென்டிமீட்டர். என் கட்டைவிரல் நகம். மரம் அதைவிடக் குட்டை. அரசமரத்தைப் பூஜ்யம் நம்பர் தூரிகையில் இரண்டு தொடுதலில் போட்டேன். மொத்தப் படத்துக்கும் பச்சை ஒரு மிளகு அளவுதான் செலவானது. ஆறடி ஆள் ஒரு மில்லிமீட்டர்கூட வரமாட்டான், கடுகில் பாதி.

கோபுரத்தில் சக்கரம் வரையவில்லை. சித்தப்பாவின் பேச்சைக் கேட்டு எடுத்துவிட்டேன். இரண்டு காலி அச்சு மட்டும். பின்னால் மேடு இருந்த இடத்தில் தட்டையான தரை, அதில் வரிசையாகக் கூரைகள். எவனோ பிளாட்டு போட்டு, எவனோ கட்டி, எவனோ குடியிருக்கிறான். ஒரு வாசலில் எருக்கு. ஆயா மன்னிக்க வேண்டும். அதை மட்டும் விட மனசு வரவில்லை.

மேல்மட்டப் பாதைகளில், தண்ணீர் எட்டாத இடத்தில், வௌவால்களை வைத்தேன். கோலார் மாவட்டத்து அனுமனஹள்ளியில் ஒரு குகையில் மட்டுமே இருப்பதாகத் தெரியவந்திருக்கும் இலைமூக்கு வௌவால் இனம் ஒன்று உண்டு. உலகத்தில் வேறெங்கும் கண்டதில்லை. எப்போது வேண்டுமானாலும் இல்லாமல் போகலாம் என்ற பட்டியலில் இருக்கிறது, சுற்றிலும் கல் உடைத்ததால். நூறு வருஷத்தில் அவை இங்கே குடிவரட்டும் என்று ஆசைப்பட்டேன். இது அறிவியல் இல்லை, என் ஆசை. கற்பனைப் படத்தில் ஒரு ஆசையாவது இல்லாவிட்டால் எதற்கு வரைவது?

மீதி முழுக்கத் தண்ணீர். அதுதான் கஷ்டமாக இருந்தது. கறுப்புக்குள் கறுப்பு வரைய வேண்டும். இந்தியன் இங்க்கை நீர்க்கரைத்து, ஒரு பூச்சு, காயவைத்து, இன்னொரு பூச்சு. கீழே போகப்போகப் பூச்சு கூடும். 80 சென்டிமீட்டருக்குக் கீழே பதினொரு பூச்சு. காகிதம் அலையலையாகச் சுருண்டுவிட்டது. ஈரத்துணி வைத்து, அகராதிகளை அடுக்கி அழுத்தினேன். இந்தப் படத்தை யாரும் வீட்டில் மாட்டமாட்டார்கள் என்று என் தோழி சொன்னாள். போன படத்தைக் கேட்டு இரண்டு பேர் ஏற்கெனவே விலை பேசியிருந்தார்கள்.

அடுத்த மாசம் கண் பரிசோதனைக்கு சித்தப்பா வந்தார். இப்போது கறுப்புக் கண்ணாடி இல்லை. சுவரில் உச்சியிலிருந்து தரைவரை தொங்கிய காகிதத்தை முதலில் மேலே பார்த்தார், அச்சு காலியாக இருப்பதைப் பார்த்துத் தலையாட்டினார். அப்புறம் கீழே, கீழே, முட்டி மடக்கிக் கீழே.

"காடு வந்து மூடிடுச்சின்னு முன்னாடி படத்துல சந்தோசமா போட்ட" என்றார். "வீடு போ போங்குது, காடு வா வாங்குதுன்னு சொல்வாங்க தெரியுமா? நான் அதத்தான் நெனச்சேன் அன்னிக்கி." அந்தப் பழமொழியில் வரும் காடு எந்தக் காடு என்று அவருக்குச் சொல்ல வேண்டியதில்லை, எனக்கும்.

தாத்தா எவ்வளவு ஆழத்தில் வேலை செய்தார் என்று கேட்டேன். எட்டாயிரம் அடி என்றார். கணக்குப் போட்டேன்: 2,438 மீட்டர். தரைமட்டத்திலிருந்து 122 சென்டிமீட்டர். அளவுகோலை வைத்து, பதினொரு பூச்சுக் கறுப்பில், வெள்ளைப் பென்சிலால் ஒரு புள்ளி வைத்தேன். கடுகில் பாதி.

சித்தப்பா தரையில் உட்கார்ந்து புள்ளியைப் பார்த்தார். "இது கேஜ் நிக்கிற எடம். இங்க எறங்கிட்டு நடக்கணும்" என்று ஆள்காட்டி விரலைப் புள்ளியில் வைத்து வலப்பக்கமாக நகர்த்தினார். "இங்க ஒரு வளைவு. இங்க லாம்ப சரிபார்ப்பாங்க. இங்கருந்து குனிஞ்சி போவணும், அப்பா நல்ல ஒசரம், தலைல அடிபட்டுக்கினே இருப்பார்." விரல் காகிதத்தின் ஓரத்துக்கு வந்தது. நிற்கவில்லை. வெள்ளைச் சுவர் மேல் ஏறி, ஸ்விட்ச் போர்டுக்குக் கீழே, அலமாரியின் பக்கமாகப் போய்க்கொண்டே இருந்தது.